சாதுன்னு நான் சொன்ன ஒரு வார்த்தை

மூணு வருஷமா மனசுக்குள்ள கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கற விஷயம் இது. நேர்ல ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லிப் பார்த்தேன், "குதிரைதானே"ன்னு கேட்டுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க. எனக்கு அப்படிப் போக முடியல, அதான் இன்னைக்கு எழுத உக்காந்துட்டேன்.

நான் இருக்கறது அமெரிக்காவுல டென்னசில, மர்ஃப்ரீஸ்பரோ. இங்கேருந்து தெற்கால அரை மணி நேரம் கார் ஓட்டினா வார்ட்ரேஸ்னு ஒரு சின்ன ஊர் வரும். ரயில் தண்டவாளம், ஒரு பழைய ஓட்டல், நாலஞ்சு கடை, அவ்வளவுதான் ஊரு. அந்த ஓட்டலுக்குப் பின்பக்கம் ஒரு குதிரையைப் புதைச்ச எடம் இருக்கு. ஸ்ட்ரோலிங் ஜிம்னு பேரு. 1939-ல டென்னசி வாக்கிங் ஹார்ஸ்ங்கற குதிரை ஜாதிக்குன்னு பக்கத்து ஊரு ஷெல்பிவில்ல மொத தடவையா நடந்த பெரிய போட்டில பட்டம் வாங்கின குதிரை, அதுக்கு முன்னாடி ஏர் இழுத்துட்டு இருந்ததுதான்னு ஊர்ல இன்னைக்கும் பெருமையா சொல்லுவாங்க. இந்த வட்டாரத்துல குதிரைன்னா அவ்வளவு மரியாதை. அந்த ஊருக்கு வெளிய ஒரு பெரியவர் இருக்கார், எழுபது தாண்டினவர், மூணு வாக்கிங் ஹார்ஸ் வச்சிருக்கார். எனக்கு முதுகுல டிஸ்க் பிரச்சனை வந்து ஆறு மாசம் படுத்து எழுந்திரிச்ச சமயம், கூட வேலை பாக்கறவர் ஒருத்தர்தான் "நீ குதிரை ஏறணும்னு ஆசைப்பட்டா இந்த ஜாதிக் குதிரைலதான் ஏறணும், முதுகு அதிராது"ன்னு சொல்லி இவர்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

அப்படித்தான் டாலி எனக்குப் பழக்கமானா. செம்பழுப்பு நிறம், நெத்தியில ஒரு வெள்ளைச் சுட்டி, அப்ப பதினாறு வயசு. ரெண்டு மாசம் சனிக்கிழமை சனிக்கிழமை போயிட்டு வந்துட்டு இருந்தேன். ஒரு நாள் நான் போனப்ப லாடம் அடிக்கறவர் வந்திருந்தார். டாலியோட முன்னங்காலைத் தூக்கி ரெண்டு முட்டிக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, குளம்பை அரத்தால ராவறார், காலைத் திருப்புறார், கட்டை விரலை வச்சு அமுக்கிப் பாக்கறார், அவ அசையவே இல்ல. பக்கத்துல நிக்கற இன்னொரு குதிரை வாலை வீசுது, காலைப் புடுங்குது, அவரு தோளைக் கடிக்க வருது, டாலி மட்டும் கல்லுல செதுக்கி வச்ச மாதிரி நிக்கறா. கண்ணோரம் ஒரு ஈ உக்காந்து மூக்கு வரைக்கும் ஊர்ந்து போகுது, அதுக்குக்கூட தலையை ஆட்டல. எனக்கு அப்படியே உருகிப்போச்சு. "என்ன ஒரு சாதுவான குதிரை, இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல"ன்னு வாய்விட்டுச் சொன்னேன்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்னு சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம நின்னுட்டு, "அவ இப்படி நிக்கறது எனக்குப் புடிக்கல"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கு மேல அன்னைக்கு அவரும் பேசல, நானும் கேக்கல. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதே நெனப்பு. சாதுவா நிக்கறதுல புடிக்காம போக என்ன இருக்கு?

தகதிமி

அதுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் குதிரையோட நடையைப் பத்திச் சொல்லணும், ஏன்னா எல்லாமே அந்த நடையிலேர்ந்துதான் ஆரம்பிக்குது. சாதாரணமா குதிரை கொஞ்சம் வேகம் எடுத்தா ட்ராட்டுக்குப் போயிடும். முன்னங்கால் ஒண்ணும் அதுக்கு எதிர்மூலை பின்னங்கால் ஒண்ணும் சேர்ந்து விழும், அப்புறம் மத்த ரெண்டும். தக, தக, தக. நடுவுல ஒரு நொடி நாலு காலும் தரையில இருக்காது, அந்த நொடிலதான் மேல உக்காந்திருக்கறவன் தூக்கி எறியப்பட்டு மறுபடி சேணத்துல வந்து விழுவான். டிஸ்க் பிரச்சனை இருக்கறவங்களுக்கு அது நரகம். இந்தக் குதிரை வேகம் எடுத்தாலும் நடந்துக்கிட்டேதான் இருக்கும். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால், ஒவ்வொண்ணும் தனித்தனியா, சம இடைவெளில விழும். த-க-தி-மி. எந்த நேரமும் ஏதாவது ஒரு காலாவது தரையில இருக்கும், அதனால தூக்கி எறியற நொடியே கெடையாது. மெதுவா போனா ஃப்ளாட் வாக்குன்னு சொல்றாங்க, வேகமா போனா ரன்னிங் வாக். மணிக்கு 10 மைல், நல்ல குதிரைன்னா அதுக்கு மேலயும் போகும், ஆனா அதே தகதிமிதான், காலப்பிரமாணம் மட்டும் மாறும். நம்ம ஊர்ல இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு வர்ற பொம்பளைங்களைப் பார்த்திருப்பீங்க, எவ்வளவு வேகமா நடந்தாலும் தண்ணி தளும்பாது. மேல உக்காந்திருக்கற நாம அந்தக் குடத்துத் தண்ணி மாதிரி.

கீழ அவ்வளவு அமைதியா இருக்கற உடம்புல தலை மட்டும் ஆடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் மேல கீழன்னு, கச்சேரில முன்வரிசையில உக்காந்து தலையாட்டற ரசிகர் மாதிரி. சில குதிரைக்கு காதும் சேர்ந்து ஆடும், சிலது பல்லைக்கூட கடகடன்னு தட்டும். டாலிக்குக் காதுதான். மழை பேஞ்சு ஓஞ்ச ஒரு காலைல களிமண் பாதையில போயிட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தேன், முன்னங்கால் பதிஞ்ச தடத்தைத் தாண்டி அதுக்கும் முன்னாடி போய் பின்னங்கால் பதிஞ்சிருந்தது. குனிஞ்சு கையை வச்சு அளந்தேன். ஒரு சாணும் நாலு விரக்கடையும் இருந்தது. இதுக்கு ஓவர்ஸ்ட்ரைடுன்னு பேரு, இந்த ஜாதியோட அடையாளமே இதுதான். பின்னங்கால் அவ்வளவு தூரம் உள்ள வந்து வழுக்கிக்கிட்டு இறங்கறதாலதான் மேல இருக்கறவங்களுக்கு அவ்வளவு சுகம்.

இது பழக்கி வர்ற விஷயம் இல்லைங்கறது எனக்குப் பெரிய ஆச்சரியம். 2012-ல ஸ்வீடன்ல உப்சாலா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் டிஎம்ஆர்டி3னு ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. முதுகுத்தண்டுல கால்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ஓட்டற நரம்புகளோட வேலையை அது மாத்துது. ஐஸ்லாந்து குதிரைல ஆரம்பிச்சுத் தேடி, உலகத்துல இந்த மாதிரி மெத்து நடை நடக்கற ஜாதி பலதுலயும் அதே மாற்றத்தைப் பார்த்திருக்காங்க. டென்னசி வாக்கிங் ஹார்ஸ்ல அது கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் இருக்கு. பெரியவர் வீட்டுல போன வருஷம் ஒரு குட்டி பொறந்தது, பொறந்து ரெண்டு நாள்கூட ஆகல, தாய்க்குப் பக்கத்துல அதுவும் தலையை ஆட்டி ஆட்டித் தகதிமி போட்டுட்டுப் போகுது. யாரும் சொல்லிக்கொடுக்கல. இதை நீங்க மனசுல வச்சுக்கணும், ஏன்னா பின்னாடி நான் சொல்லப்போறதை நெனச்சா எனக்கு வயிறு எரியறதே இதனாலதான்.

யாருக்கும் வேண்டாத கறுப்புக் குதிரை

இந்த நடை இங்க எப்படி வந்துச்சுன்னா, ரோட் ஐலண்ட் பக்கம் நாரகன்செட் பேஸர்னு ஒரு ஜாதி இருந்தது, இப்ப அழிஞ்சே போச்சு. அது, கனடா பேஸர், டெக்சாஸ் பக்கம் ஸ்பானிஷ்காரங்க விட்டுட்டுப் போன குதிரைங்க, இதெல்லாம் நடு டென்னசியோட சுண்ணாம்புக்கல் மண்ணுலயும் புல்லுலயும் ஒண்ணா கலந்தது. தோட்ட முதலாளிங்க நாள் முழுக்க வயலைச் சுத்தணும், முதுகு வலிக்கக் கூடாது, செடியை மிதிக்கக் கூடாது. அந்தச் சுகத்துக்காகத்தான் இந்த நடையைத் தேடித் தேடிச் சேர்த்தாங்க. அந்த வயல்ல வேலை செஞ்சவங்க அடிமைகள், அந்தக் குதிரைங்களுக்குத் தீனி வச்சு குளிப்பாட்டினதுலயும் அவங்க கை இருந்தது. இந்த வரலாறைச் சொல்றவங்க பல பேரு இந்த எடத்துல வேகமா தாண்டிப் போயிடறாங்க. எனக்கு அப்படித் தாண்ட மனசு வரல. அப்புறம் உள்நாட்டுப் போர் முடிஞ்சு, தோட்டங்கள் ஒடைஞ்சு, சின்னச் சின்ன விவசாயிங்க கைக்கு இந்தக் குதிரை வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரே குதிரை. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஏர், சனிக்கிழமை சந்தைக்கு வண்டி, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மொத்தக் குடும்பமும், நடுவுல புள்ளைங்க ரெண்டு மூணு பேரு முதுகுல ஏறி விளையாடும். முரட்டுக் குதிரையை வச்சிக்க அவங்களுக்கு வசதி இல்ல. இந்த ஜாதியோட நல்ல குணம் அந்த வறுமைலதான் தேறி வந்ததுன்னு நான் நம்பறேன். கடிக்கற, உதைக்கற குதிரையை வித்துட்டாங்க, பொறுமையானதை வச்சிக்கிட்டாங்க, அதோட குட்டியை வளர்த்தாங்க.

அப்புறம் ஒரு கறுப்புக் குதிரை வருது. 1886-ல பொறந்தது, ஆலன்னு பேரு, எல்லாரும் பிளாக் ஆலன்னு சொல்லுவாங்க. அப்பன் பந்தய வம்சம், அம்மா மார்கன்ங்கற ஜாதி வழி. வண்டிப் பந்தயத்துல ட்ராட் ஓடும்னு ஆசையா வாங்கினாங்க, அது ட்ராட் ஓடமாட்டேன்னுடுச்சு, ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து விழற பேஸ் நடையிலதான் போச்சு. அவ்வளவுதான், அது உதவாக்கரை ஆயிடுச்சு. கை மாறி கை மாறி கடைசில கோவேறு கழுதை வியாபாரத்துல போய் நின்னது. அங்க அதுக்கு என்ன வேலை தெரியுமா, பெட்டைக் குதிரைங்களை ஆண் கழுதைக்குத் தயார் பண்றதுக்காக இதை அதுங்க எதிர்ல கொண்டுபோய் நிறுத்தறது, அப்புறம் இழுத்துட்டுப் போயிடறது. ஒரு ஆண் குதிரைக்கு அதைவிடக் கேவலமான வேலை இருக்குமான்னு தெரியல. 1903-ல, அதுக்கு பதினேழு வயசு ஆனப்ப, ஜேம்ஸ் பிராண்ட்லின்னு ஒருத்தர் அதோட வம்சாவளியைப் படிச்சுப் பார்த்து 110 டாலருக்கு வாங்கினார். அவர்கிட்ட வந்த அப்புறம்தான் அதோட குட்டிங்க நடக்கற நடையை எல்லாரும் பார்த்தாங்க. 1906-ல பொறந்த ரோன் ஆலன்தான் அதுல ரொம்ப முக்கியமான மகன். நடை மட்டும் இல்ல, அது அவ்வளவு அவமானப்பட்டும் குணம் கெடாத குதிரைன்னு பேரு வாங்கினது, அந்த குணமும் குட்டிங்களுக்கு வந்தது. 1910-ல செத்துப்போச்சு. 1935-ல லூயிஸ்பர்க்ல சங்கம் ஆரம்பிச்சு இந்த ஜாதிக்குப் பதிவேடு எழுதினப்ப 115 குதிரைங்களை மூலக் குதிரைங்கன்னு எடுத்துக்கிட்டாங்க, அதுல முதல் நம்பர் இந்தக் கறுப்புக்குத்தான். 1947-ல பதிவேட்டை மூடினாங்க, அதுக்கப்புறம் தாய் தகப்பன் ரெண்டும் பதிவுல இருந்தாதான் குட்டிக்கு எடம். ட்ராட் ஓடலைன்னு தள்ளிவிட்ட அந்த ஒரு குறைதான் இன்னைக்கு இந்த ஜாதிக்கே உயிர்.

காலுக்குப் பின்னால

லாடம் அடிச்ச நாளுக்கு ஒரு மாசம் கழிச்சு, நானேதான் பெரியவர்கிட்ட கேட்டேன். ஏன் புடிக்கலன்னு சொன்னீங்கன்னு. அவர் பதில் சொல்லல. டாலியோட முன்னங்காலைத் தூக்கி, என் விரலைப் புடிச்சு, கணுக்குக் கீழ குளம்புக்கு மேல சதை மடங்கற எடம் இருக்குல்ல, அங்க பின்பக்கமா வச்சார். முடி இல்ல. தோல் தடிச்சு, வரி வரியா, பழைய செருப்புத் தோல் மாதிரி இருந்தது. பனிக்காலத்துல மத்த எடமெல்லாம் கம்பளி மாதிரி முடி மண்டியிருக்கற குதிரைக்கு அந்த எடம் மட்டும் வழுவழுன்னு இருந்தது. அடுத்த காலையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கயும் அதே.

டாலி ஷோ குதிரையா இருந்தவ. ஏழு வயசு வரைக்கும் எங்கயோ ஒரு லாயத்துல இருந்திருக்கா, எந்த லாயம்னு அவரும் சொல்லல, எனக்கும் தெரிய வேண்டாம். 1950-களுக்கு அப்புறம் போட்டிகள்ல முன்னங்காலை ரொம்ப உசரமா தூக்கி வீசற நடைக்கு மவுசு வந்துச்சு. பிக் லிக்னு பேரு. பின்பக்கம் குந்தின மாதிரி தாழ்ந்து, முன்னங்கால் மார்பு உசரத்துக்கு எழும்பும், ஜனங்க கைதட்டுவாங்க. அந்த நடை தானா வராது. முன்னங்குளம்புக்கு அடியில கனமான அடுக்குப் பட்டைகளை வச்சு அடிப்பாங்க, கணுவுல சங்கிலி கட்டுவாங்க. இது போதாதுன்னு சில பேரு அந்த எடத்துல கடுகு எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல்னு தோலை எரிக்கற எதையாவது தடவி, மேல பிளாஸ்டிக் தாளைச் சுத்தி, நாள் கணக்கா வெந்து புண்ணாக விட்டுடுவாங்க. அப்புறம் சங்கிலி அந்தப் புண்ணுல தட்டத் தட்ட, குதிரை வலி தாங்காம காலைத் தரையில வைக்கப் பயந்து தூக்கித் தூக்கி வீசும். இதுக்கு சோரிங்னு பேரு. 1970-லயே இதுக்கு எதிரா ஹார்ஸ் புரொடெக்‌ஷன் ஆக்ட்னு நாடு முழுக்க சட்டம் வந்தாச்சு. வந்தும் நிக்கல. 2006-ல ஷெல்பிவில் போட்டில பரிசோதனைல குதிரைங்க தேறாம, கடைசி நாள் பெரிய பட்டத்தை யாருக்குமே கொடுக்காம விட்டாங்க. 2019-ல பட்டையையும் சங்கிலியையும் இந்தக் குதிரைங்க போட்டில மொத்தமா தடை பண்ண ஒரு மசோதா கீழ்சபைல பாஸ் ஆச்சு, செனட்டைத் தாண்டல.

இதெல்லாம் அங்கங்க படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். என்னை உலுக்கினது அவர் அடுத்து சொன்னது. போட்டிக்கு முன்னாடி ஒரு பரிசோதகர் வந்து, நான் தொட்ட அதே எடத்தைக் கட்டை விரலால அமுக்கிப் பார்ப்பாராம். வலியில குதிரை காலை இழுத்துட்டா, தலையை ஆட்டிட்டா, தகுதி போச்சு. அதனால லாயத்துலயே அதுக்கும் ஒரு பயிற்சி. ஒருத்தன் பரிசோதகர் மாதிரி வந்து புண்ணை அமுக்குவான், குதிரை காலை இழுத்தா இன்னொருத்தன் தலையில அடிப்பான். மறுபடி அமுக்குவான். கால் வலியைவிடத் தலை வலி பெருசுன்னு குதிரை கத்துக்கற வரைக்கும். கத்துக்கிட்ட அப்புறம் யார் வந்து எங்க அமுக்கினாலும் கல்லு மாதிரி நிக்கும்.

நான் சாதுன்னு சொன்னது அதைத்தான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எரியற காலோட ஒரு முரட்டுக் குதிரை இருந்தா கடிச்சிருக்கும், உதைச்சுக் கதவை ஒடைச்சிருக்கும், ஒருத்தன் பக்கத்துல போயிருக்க முடியாது. இந்த ஜாதி நூறு வருஷமா புள்ளைங்க ஏறி விளையாடறதுக்குன்னு பொறுமையா வளர்ந்தது, மனுஷன் சொன்னா கேக்கறதுக்குன்னே வளர்ந்தது. அந்தப் பொறுமைதான் அதுங்களுக்கு எமனா வந்துச்சு. பிறவியிலயே ஒரு நடை இருக்கு, ரெண்டு நாள் குட்டி தலையாட்டிட்டு நடக்குது, அதைப் பார்த்துக் கைதட்ட முடியாதா? அதுக்கு மேல என்ன வேணும் இவங்களுக்கு? எல்லாரும் இப்படி இல்லைங்கறதையும் சொல்லணும். சாதாரண லாடத்தோட, பட்டை இல்லாம, சங்கிலி இல்லாம குதிரையை அதோட நடையிலயே ஓட்டறவங்க இங்க நெறைய பேரு, இந்தக் கொடுமைக்கு எதிரா ரொம்ப நாளா சண்டை போடறவங்கள்ல வாக்கிங் ஹார்ஸ் வச்சிருக்கறவங்களே இருக்காங்க. பெரியவரும் அதுல ஒருத்தர். பத்து பைசா லாபம் இல்லாம டாலியை வாங்கிட்டு வந்து, பட்டையைக் கழட்டி, குளம்பு சரியா வளர ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்தவர்.

அம்மா வந்தப்ப

போன வருஷம் அம்மா திருநெல்வேலிலேர்ந்து வந்து ஆறு மாசம் இருந்தா. ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, பெரியவருக்குத் தமிழ் சுத்தமா தெரியாது, ரெண்டு பேரும் கையைக் காலை ஆட்டிப் பேசிக்கிட்டாங்க. அம்மா நேரா டாலிகிட்ட போய் "ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சு கெடக்க"ன்னு கேட்டா. உண்மையில டாலி மெலிவெல்லாம் இல்ல, அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் மெலிவுதான். ஆப்பிளை நறுக்கிக் கொண்டு போயிருந்தா, ஒவ்வொரு துண்டா கொடுத்துக்கிட்டே கழுத்தைத் தடவினா. நான் கால் கதையைச் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. கீழ குந்தி, சேலைத் தலைப்பை இடுப்புல சொருகிட்டு, அந்தத் தடிச்ச தோலை விரலால வருடிப் பார்த்தா. "வாயில்லா ஜீவனைப் போயி"ன்னு மட்டும் வந்தது. எத்தனையோ தடவை கேட்ட சொல்தான். ஆனா அன்னைக்கு முதல் தடவையா எனக்கு அதோட அர்த்தம் ஒறைச்சது. டாலிக்கு வாய் இருந்தது, காலை இழுக்கறதுதான் அவ வாய். அதை அடிச்சு மூடியிருக்காங்க.

திரும்பி வர்றப்ப அம்மா "அந்த அண்ணாச்சி நல்ல மனுஷன்"ன்னா. அப்புறம் ஊர் வர்ற வரைக்கும் ஜன்னல் வழியா மேயற குதிரைங்களையே பார்த்துட்டு வந்தா.

இந்த மார்ச் மாசம் நான் போனப்ப மறுபடி லாடம் அடிக்கற நாள். மழை தூறிக்கிட்டு இருந்தது, லாயத்துத் தகரக் கூரைல சத்தம். லாடக்காரர் டாலியோட முன்னங்காலைத் தூக்கினார். நாலு அரம் ராவியிருப்பார், அவ காலைப் புடுங்கிட்டா. அவர் மறுபடி தூக்கினார், மறுபடி புடுங்கி, காதைப் பின்னால மடக்கி, அந்தக் காலைத் தரையில ஒரு தட்டுத் தட்டினா. லாடக்காரர் நிமிந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, "இவளுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு, இவதானே எல்லாத்துலயும் நல்லவ"ன்னு சலிச்சுக்கிட்டார்.

பெரியவர் கதவுல சாஞ்சு நின்னுட்டு இருந்தார். "அவ போக்குல விடு"ன்னார். "அவசரம் ஒண்ணும் இல்ல, நான் காபி போட்டுட்டு வர்றேன்."